காலை மப்பு: மாத்திரையை மாற்றுவதா, மணியை மாற்றுவதா?

மருந்துக்கடையில் நிற்பவனிடம் வாரத்துக்கு மூன்று நான்கு பேராவது இதைக் கேட்கிறார்கள்: "ராத்திரி நல்லாத் தூங்குறேன் சார். ஆனா காலையில பத்து மணி வரைக்கும் மண்டை கனமாவே இருக்கு. இதைவிட லைட்டா வேற மாத்திரை இருக்கா?" கேள்வி ஒன்றுதான், கையில் இருக்கும் அட்டை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் நீட்டுவது பதற்றத்துக்கான குளோனசெபம், இன்னொருவர் நீட்டுவது தூக்க மாத்திரையான ஜோல்பிடெம். மூன்றாமவருடையது ஒற்றைத் தலைவலிக்காக எழுதிக் கொடுத்த அமிட்ரிப்டிலின். அது தூக்கமும் தரும் என்றே அவருக்குத் தெரியாது. அதனால் மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது.

'லைட்', 'ஸ்ட்ராங்' என்று மாத்திரையை எடை போடுவதில்தான் முதல் தவறு நடக்கிறது. லேசான மாத்திரை என்று பெயர் வாங்கிய ஒன்று மறுநாள் மதியம் வரை உடம்பில் உட்கார்ந்திருக்கும். பலமானது என்று பயப்படும் இன்னொன்று விடிவதற்குள் முக்கால்வாசி போயிருக்கும். காலையில் வண்டிச் சாவியை எடுக்கும் அந்த நேரத்தில் இது எனக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் எந்த வழி யாருக்கு என்பது ஓரளவு தானாகவே பிரிந்துவிடும்.

வழிகள் ஐந்து: அதே மாத்திரையை வேறு நேரத்தில் போடுவது, அளவைக் குறைப்பது, சீக்கிரம் வெளியேறும் மருந்துக்கு மாறுவது, சீட்டு இல்லாமல் கிடைப்பதைப் போட்டுச் சமாளிப்பது, மாத்திரையை விட்டு வெளியே வருவது. எதை எடுத்தாலும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. குளோனசெபம் மாதிரி மருந்தைப் பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

காலையில் எத்தனை மணிக்குத் தெளிவு வேண்டும் என்பதில் ஆரம்பியுங்கள். பத்து மணிக்குக் கடை திறப்பவருக்கும் ஆறு மணிக்கு ஸ்கூல் வேன் எடுப்பவருக்கும் ஒரே மாத்திரை ஒத்துவராது. எழுந்ததும் கால் மணி, அரை மணி மந்தமாக இருப்பது மாத்திரை போடாதவர்களுக்கும் உண்டு. ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால்தான் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது, தூக்கம் எங்கே உடைகிறது? படுத்தால் வருவதில்லையா, வந்த தூக்கம் இரண்டு மணிக்குக் கலைகிறதா, நாலு மணிக்கே விழிப்புத் தட்டி அதோடு போய்விடுகிறதா? வராத தூக்கத்துக்குக் குறுகிய நேர மருந்து போதும். நடுவில் கலையும் தூக்கத்துக்கு அது போதாது. நீண்ட நேர மருந்து போட்டால் கலையாது, ஆனால் காலை மப்பும் கூடவே வரும். இந்த இழுபறியை முழுசாகத் தீர்க்கும் மாத்திரை என்று எதையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இந்த மாத்திரை தூக்கத்துக்காகத்தான் எழுதப்பட்டதா? அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் வரும். மிர்டசபின் மனச்சோர்வுக்கு வரும். குவெட்டியாபினும் ஒலான்சபினும் தீவிர மனநோய்க்கு வரும். குளோனசெபம் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் வரும். வேறு நோய்க்கு எழுதியதைத் தூக்க மாத்திரை என்று நினைத்து நாமே குறைத்தால், மப்பு குறையும் முன்னே பழைய நோய் திரும்பிவிடும்.

அப்புறம் வயசும் கூட இருக்கும் கோளாறுகளும். அறுபத்தைந்துக்கு மேல் இரவு இரண்டு தடவை கழிவறைக்கு எழுபவருக்கு மப்பை விடப் பெரிய ஆபத்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுபவருக்கு குளோனசெபம் வகையறா (அல்பிரசோலம், லோரசெபம் எல்லாம் இதில் சேரும்) இன்னும் மோசம். அவருடைய காலைக் களைப்புக்கு மாத்திரை காரணமாக இல்லாமல் மூச்சுத் திணறலே காரணமாகவும் இருக்கலாம். ரத்த சோகை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றும் இதே மாதிரி வேடம் போடும்.

கடைசியாக, உள்ளே போவது சுலபம், வெளியே வருவது எப்படி? மாத்திரையின் விலை அட்டையில் அச்சாகியிருக்கிறது, நிறுத்துவதற்கு ஆகும் விலையை எங்கும் அச்சடிப்பதில்லை.

## கொஞ்சம் கணக்கு

உடம்பில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். ஜோல்பிடெமுக்கு அது சுமார் இரண்டரை மணி நேரம், குளோனசெபத்துக்கு 30 முதல் 40 மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டு ஆறுக்கு எழுந்தால் எட்டு மணி நேரம். முதலாவது பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். இரண்டாவது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அப்படியே இருக்கும். அதன் மேலேயே அன்றிரவு இன்னொரு மாத்திரை விழுகிறது. தினமும் இப்படிச் சேர்ந்தால், ஒரு வாரத்தில் ரத்தத்தில் நிற்கும் அளவு முதல் நாளைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். "முதல் நாள் நல்லா இருந்துச்சு, நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் மந்தமாச்சு" என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை. கணக்கும் அதையேதான் சொல்கிறது.

| மருந்து | அரை ஆயுள் (தோராயம்) | 8 மணி நேரத்துக்குப் பின் மிச்சம் | மறைவான செலவு |
|---|---|---|---|
| மெலடோனின் | முக்கால் மணி நேரம் | ஏறக்குறைய இல்லை | பலன் சிறியது |
| ஜோல்பிடெம் | 2.5 மணி | 11% | தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, மறதி |
| அல்பிரசோலம் | 11 மணி | 60% | பழக்கம் பிடிக்கும், விடுவது கடினம் |
| லோரசெபம் | 12 மணி | 63% | மேலே சொன்னதே |
| குளோர்பெனிரமின் (சளி, அலர்ஜி மாத்திரை) | 20 மணி | 76% | சில நாளில் தூக்கம் தரும் குணம் போகும், வாய் வறட்சி மாதிரித் தொல்லைகள் மிஞ்சும் |
| அமிட்ரிப்டிலின் | 10–28 மணி | 57–82% | வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு |
| மிர்டசபின் | 20–40 மணி | 76–87% | பசி, எடை |
| குளோனசெபம் | 30–40 மணி | 83–87% | நாள்பட நாள்படச் சேரும் |

அட்டவணையை அப்படியே மப்பு மீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்து மிச்சம் இருந்தாலும் மூளை அதற்குப் பழகிப்போய்த் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. கல்லீரல் பலவீனமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த எண்கள் இன்னும் நீளும். கூடப் போடும் மாத்திரையும் கணக்கை மாற்றும். காளான் தொற்றுக்கான கீட்டோகோனசோல், தொண்டைத் தொற்றுக்கான கிளாரித்ரோமைசின் போன்றவை அல்பிரசோலம் வெளியேறுவதைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும். ரெண்டு வருஷமாக ஒத்துக்கொண்ட மாத்திரை திடீரென்று மந்தம் தருகிறதா? அந்த வாரம் புதுசாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று பாருங்கள்.

## வழி 1: அதே மாத்திரை, வேறு நேரம்

செலவில்லாதது, முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். ஆனால் எல்லா மருந்துக்கும் பலிக்காது.

நன்றாகப் பலிப்பது அமிட்ரிப்டிலினுக்கு. அது மெதுவாக ஏறும் மருந்து, உச்சத்தைத் தொடவே நாலு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பதினோரு மணிக்கு சீரியல் முடிந்து மாத்திரை போட்டால் உச்சம் விடியற்காலை மூன்றுக்கு, எழும்போது இன்னும் இறக்கத்தின் ஆரம்பம்தான். அதையே இரவுச் சாப்பாட்டோடு எட்டு மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவிலேயே கடந்துவிடும். இந்த ஒரு மாற்றத்திலேயே "மாத்திரையை மாத்திட்டாங்களா?" என்று கேட்கும் அளவுக்குத் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குளோனசெபத்துக்கு நேர மாற்றம் பெரிதாக உதவாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் போட்டாலும் காலை மிச்சம் 83 சதவீதத்திலிருந்து 80 ஆகும், அவ்வளவுதான். ஏறும் வேகத்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜோல்பிடெமை முன்கூட்டிப் போடவே கூடாது. படுக்கையில் ஏறிய பிறகுதான் போட வேண்டும், போட்டபின் மொபைலைத் தொடக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டு எட்டரை மணி சீரியல் பார்த்து முடித்து, பாத்திரம் கழுவி, யாருக்கோ போன் பேசி, காலையில் எதுவுமே ஞாபகம் இல்லாமல் விழித்தவர்கள் உண்டு. இன்னொன்று, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து ஏறுவது தாமதமாகும். ஒன்பதரைக்குப் பரோட்டா, பத்துக்கு மாத்திரை என்றால் பன்னிரண்டு வரை புரள வேண்டியதுதான். "வேலை செய்யலையே" என்று இன்னொன்றைப் போடுவார்கள். மறுநாள் மப்பு அந்த இரண்டாவது மாத்திரையின் வேலை.

நடுராத்திரி இரண்டு மணிக்கு விழித்து 'பாதி மட்டும்' போடுவதும் இதே கணக்குதான். சாதாரண ஜோல்பிடெமுக்கு முன்னால் ஏழு, எட்டு மணி நேரத் தூக்கம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு மணிக்குப் போட்டு ஆறுக்கு எழுபவருக்கு அந்த நேரம் கிடையாது.

இந்த வழி பொருந்துவது அமிட்ரிப்டிலின்காரர்களுக்கும், மாத்திரை போடும் நேரம் தினமும் அலைந்துகொண்டே இருப்பவர்களுக்கும். பின்னவர்கள் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கலாம்: மாத்திரை போட்ட மணி, விளக்கை அணைத்த மணி, எழுந்த மணி, தலை தெளிந்த மணி. நாலு எண், அவ்வளவுதான். பாதிப் பேருக்கு விடை அந்த நோட்டிலேயே இருக்கும்.

## வழி 2: அளவைக் குறைப்பது

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013 ஜனவரியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பெண்களுக்கு ஜோல்பிடெம் 10 மி.கி. வேண்டாம், 5 மி.கி.யில் ஆரம்பியுங்கள் என்றது. காரணம் இதே காலைப் பிரச்சினை. 10 மி.கி. போட்டு எட்டு மணி நேரம் கழித்து ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 3 சதவீதம் பேருக்கும் இருந்தது. மெதுவாகக் கரையும் வகையில் அது பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 25 சதவீதம் வரை போனது. பெண்களின் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. இங்கே 5-ம் கிடைக்கிறது, 10-ம் கிடைக்கிறது. அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. கணவருக்கு எழுதிக் கொடுத்த 10-ஐ மனைவியும் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் எனக்குத் தெரியும்.

குறைப்பதில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது, அது இரட்டை மாத்திரை. நம் ஊரில் மனப் பதற்றத்துக்கு மிகச் சாதாரணமாக எழுதப்படுவது எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் சேர்ந்தது. இரண்டும் வேறு வேலைக்காரர்கள். எஸ்சிட்டலோபிராம் வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், பல மாதம் தொடர வேண்டும். குளோனசெபம் பெரும்பாலும் அந்த இடைவெளியைச் சமாளிக்க வந்தது, சில வாரத்தில் விலக வேண்டியது. ஒரே மாத்திரையில் இருப்பதால் அது விலகாமல் வருஷக்கணக்கில் தொடர்கிறது. மப்புக்காகப் பாதியாக உடைத்தால் எஸ்சிட்டலோபிராமும் பாதியாகிறது. பதற்றம் திரும்புகிறது, "மாத்திரை இல்லாம என்னால முடியாது" என்ற முடிவுக்கு ஆள் வந்துவிடுகிறார். கூடவே, எஸ்சிட்டலோபிராம் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், அவர்கள் அதைக் காலையில் போட வேண்டும். இரட்டை மாத்திரையில் அதற்கும் வழியில்லை.

இதற்கு மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரே வரி: "டாக்டர், இதைத் தனித்தனியாக எழுதித் தர முடியுமா?" பிரித்துவிட்டால் ஒன்றைக் காலைக்கு நகர்த்தலாம், மற்றதை மட்டும் படிப்படியாகக் குறைக்கலாம். கல்லாவில் நின்று நான் பார்த்ததில், காலை மப்புக்கு அதிகம் பலன் தந்த ஒற்றை மாற்றம் இதுதான்.

உடைப்பதற்கு முன் இன்னொன்று. பெயருக்குப் பின்னால் 'எஸ்ஆர்', 'சிஆர்', 'ஈஆர்' என்று இருந்தால் உடைக்கக் கூடாது. மெதுவாகக் கரைவதற்காகச் செய்த உறை உடைந்து, ராத்திரி முழுவதற்குமான மருந்து ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடும். நடுவில் கோடு இல்லாத சின்ன மாத்திரையைக் கத்தியால் வெட்டுவதும் வேண்டாம், ஒரு நாள் கால், ஒரு நாள் முக்கால் என்றாகும். கேட்டால் சிறிய அளவு மாத்திரையே கிடைக்கும்.

## வழி 3: சீக்கிரம் வெளியேறும் மருந்துக்கு மாறுவது

அட்டவணையைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது இதுதான்: குளோனசெபத்தை விட்டு ஜோல்பிடெமுக்குப் போனால் காலை சுத்தமாகிவிடுமே? காலை சுத்தமாகலாம், ராத்திரி ஆகாமல் போகலாம். படுத்தால் வராத தூக்கத்துக்கு இது நல்ல மாற்றம். மூன்று மணிக்கு விழிப்பவருக்கு, மருந்து தீரும் நேரமும் விழிக்கும் நேரமும் ஒன்றாகிவிடும்.

அடுத்த செலவு, 2019-ல் அதே அமெரிக்க அமைப்பு ஜோல்பிடெமுக்கும் அதன் இரண்டு சகோதர மருந்துகளுக்கும் தனது உச்சபட்ச எச்சரிக்கையைக் கட்டம் போட்டு அச்சிடச் சொன்னதற்குக் காரணமான விஷயம். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, வண்டி எடுப்பது. அரிதுதான். ஆனால் ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் அந்த மருந்தை மறுபடி தொடக் கூடாது. மொட்டை மாடியில் படுப்பவர்களும் தனியாக இருப்பவர்களும் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். மருந்தோடு மது சேர்ந்தால் பேச்சே இல்லை.

இன்னொரு கண்ணி: பல மாதம் குளோனசெபம் போட்ட உடம்பு ஒரே இரவில் ஜோல்பிடெமுக்குத் தாவினால், புதிய மருந்து பழையதன் இடத்தை முழுசாக நிரப்பாது. நடுக்கம், வியர்வை, பதற்றம் வரும். அதைப் புது மருந்தின் தோஷம் என்று நினைப்பார்கள்.

மிர்டசபினுக்கு மாற்றுவதும் நடக்கிறது. பழக்கம் பிடிக்காது என்பது பலம், நீண்ட நேரம் தங்குவது பலவீனம். முதல் வாரம் மப்பு கனமாக இருக்கும், பெரும்பாலும் பிறகு தணியும். பசியோ தணியாது. மனச்சோர்வால் சாப்பாடே இறங்காமல் எலும்பும் தோலுமாக இருக்கும் பெரியவருக்கு அதுவே வரம். சர்க்கரையும் தொப்பையும் இருப்பவருக்கு ஆறு மாதத்தில் வேறு பிரச்சினை. ஒன்றும் இல்லாத சாதாரணத் தூக்கமின்மைக்கு குவெட்டியாபின் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எடையும் சர்க்கரையும் ஏறும் வாய்ப்பை, வெறும் தூக்கத்துக்காக வாங்க வேண்டியதில்லை. மனநோய்க்காக எழுதப்பட்டிருந்தால் கதையே வேறு, அதில் கை வைக்காதீர்கள்.

## வழி 4: சீட்டில்லாமல் கிடைப்பது

சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடும் பழக்கம் எல்லாத் தெருவிலும் உண்டு. "அது அலர்ஜிக்குத்தானே, ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். அட்டவணையில் குளோர்பெனிரமினைப் பாருங்கள், அது அமிட்ரிப்டிலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வகையில் தூக்கம் தரும் குணம் சில நாளிலேயே மங்கிவிடும். மங்கிய பிறகும் வாய் வறளும், சிறுநீர் தடைப்படும், வயதானவர்களுக்கு ஞாபகம் குழம்பும். புராஸ்டேட் வீக்கமோ கண்ணில் நீர் அழுத்தமோ இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ரயிலில் ஒரு ராத்திரி போட்டால் பரவாயில்லை, தினசரி ஏற்பாடாக இது இருப்பதிலேயே மட்டமான பேரம்.

மெலடோனின் காலை மப்பில் நல்ல பிள்ளை. ஆனால் அது தூங்கவைக்கும் மருந்தில்லை, உடம்புக் கடிகாரத்தை நகர்த்தும் மருந்து. இரவுப் பணி மாறி மாறிச் செய்பவர், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர், நள்ளிரவு இரண்டு வரை தூக்கம் வராமல் பத்து மணிக்கு எழும் இளைஞர் ஆகியோருக்குப் பொருத்தம். கவலையில் விழித்திருப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

## வழி 5: மாத்திரையிலிருந்து வெளியே வருவது

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரையில்லை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது எளிமை. தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்காதீர்கள், எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பி வாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. அப்புறம் முக்கியமான பகுதி: ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறீர்கள் என்றால், படுக்கை நேரத்தையே ஐந்தரைக்குச் சுருக்குவார்கள். தூக்கம் அடர்த்தியானதும் வாரம் பதினைந்து நிமிடமாக நீட்டுவார்கள்.

நாலு முதல் எட்டு சந்திப்பில் முடியும் சிகிச்சை. சிகிச்சை முடிந்த பிறகும் பலன் நீடிக்கிறது, மாத்திரை அப்படி இல்லை. ஆனால் இதற்கும் மறைவான விலை உண்டு. முதல் இரண்டு வாரம் பகல் தூக்கக் கலக்கம் இப்போதைவிட மோசமாக இருக்கும். வண்டி ஓட்டுபவர்கள் விடுப்பில் இருக்கும்போது ஆரம்பிப்பது நல்லது. இருமுனை மனநோயும் வலிப்பும் இருப்பவர்களுக்குத் தூக்கத்தைச் சுருக்குவது ஆபத்து. இந்த முறையைத் தெரிந்து செய்பவர்கள் பெரிய ஊர்களிலேயே அதிகம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம்.

மாத்திரையைக் குறைப்பதும் இதோடு சேர்ந்தே நடக்கும். வருஷக்கணக்கில் குளோனசெபம் வகையைப் போட்டவர்களுக்கு இப்போதைய வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம். மாதக்கணக்கில் ஆகும் வேலை. அவசரப்பட்டால் போட ஆரம்பித்ததற்கு முன்னால் இருந்ததைவிட மோசமான தூக்கமின்மை சில நாள் வரும். அதைப் பார்த்துப் பயந்து பழைய அளவுக்கே திரும்பியவர்கள்தான் அதிகம்.

வயதானவர்களால் முடியாது என்று நினைக்க வேண்டாம். கனடாவின் கியூபெக்கில் 65 வயதுக்கு மேற்பட்ட, நெடுநாள் இந்த மாத்திரையில் இருந்தவர்களுக்கு, ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுசாக நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம். 2014-ல் வெளியான ஆய்வு. அதற்கு ஆள்களைத் திரட்டியதே மருந்துக்கடைகள் வழியாகத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

## யாருக்கு எது

ஒற்றைத் தலைவலிக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின் போடும் ஆசிரியைக்கு வழி 1. இரட்டை மாத்திரையை ஒரு வருஷமாகப் போடும் வங்கி ஊழியருக்கு மாத்திரையைப் பிரிப்பது, பிறகு வழி 2. ஜோல்பிடெம் 10 போடும் பெண்ணுக்கு, வேறு எதையும் யோசிக்கும் முன் 5-ஐப் பற்றி மருத்துவரிடம் கேட்பது. கணவர் இறந்த மாதத்தில் ஆரம்பித்து மூன்று வருஷமாக அல்பிரசோலத்தில் இருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு வழி 5, மிக மெதுவாக, வீட்டில் ஒருவர் கூட இருந்து. கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கை இன்றைக்கே போட்டுவிடுங்கள், அதற்குச் சீட்டு வேண்டாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் எந்த வழியைத் தேர்ந்தாலும், கையில் இருக்கும் குளோனசெபத்துக்கு அங்கே முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் பெட்டி கட்ட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டாயம் வேண்டும்.

மப்பைக் காபியால் அடிப்பது ஆறாவது வழி என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் ஒரு டம்ளர் சரி. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் போடுவது இரவு பத்துக்கு ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும். காபிக்கும் அரை ஆயுள் உண்டு, சுமார் ஐந்து மணி நேரம்.

எதிலும் அடங்காத ஒருவரும் எங்கள் கடைக்கு வருகிறார். அதிகாலை மூன்றுக்குப் பால்வண்டி எடுப்பவர். பத்தரைக்குக் குளோனசெபம் போட்டு, இரண்டே முக்காலுக்கு அலாரம். "பைபாஸில் போகும்போது கண் இழுக்குது" என்றார். நாலு மணி நேரத்துக்குள் முடிந்து போகிற மாத்திரை கேட்டார். அப்படி ஒன்றை நான் கொடுக்கவும் முடியாது. ஜோல்பிடெம், அல்பிரசோலம் போன்றவை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருப்பவை, யாருக்கு எத்தனை, எந்த மருத்துவர் எழுதியது என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்தின் பிடியில் கட்டுப்பாடில்லாமல் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், இல்லை இரண்டுமே. விபத்தானால் அதெல்லாம் அற்பம். அவருக்கு மாத்திரை மாற்றம் பயன்படாது, அவரிடம் இல்லாதது மணி நேரம். நாலு எண்ணை ஒரு வாரம் எழுதச் சொல்லி, அந்தத் தாளோடு மருத்துவரிடம் அனுப்பினேன். மருத்துவர் குளோனசெபத்தைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறார், படுக்கும் நேரத்தை ஏழரைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். குறைத்து முடியும்வரை வண்டியை மச்சினன் ஓட்டுகிறான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேன் இறக்குகிறார்.